வந்தவர் பாஸ்! பிறந்தவர் பெயில்!

"அமெரிக்க அரசியல் சட்டத்தில் இதுவரை எத்தனை திருத்தங்கள் செய்யப்பட்டு இருக்கின்றன?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இருக்கும் அதிகாரி கேட்கிறார். இந்தப் பக்கம் உட்கார்ந்து இருப்பவர் உடனே பதில் சொல்லியாக வேண்டும். நாலு விடைகளைக் கொடுத்து ஒன்றுக்கு நேராகக் கோடு போடச் சொல்லும் சலுகை கிடையாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"இருபத்தேழு" என்கிறார் அவர். சரியான விடை.

அவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. திருச்சியிலோ, மணிலாவிலோ, மெக்சிகோவிலோ பிறந்து, பிழைப்புத் தேடி அந்த நாட்டுக்குப் போனவர். வருஷக்கணக்கில் அங்கே வேலை பார்த்து, வரி கட்டி, இன்று அந்த நாட்டுப் பிரஜை ஆவதற்காகப் பரீட்சைக்கு வந்து இருக்கிறார்.

அதே கேள்வியை அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைக் கேட்டால் என்ன ஆகும்? பாட்டன், முப்பாட்டன் காலம் முதல் அந்த மண்ணிலேயே இருப்பவர் அல்லவா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார் என்றுதான் நாம் நினைப்போம்.

கேட்டுப் பார்த்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் பெயில்!

பரீட்சை எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்கள் சாதாரணமாக 5 ஆண்டுகள் காத்து இருக்க வேண்டும். அமெரிக்கப் பிரஜையைக் கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டுகள். அதன் பிறகு நீளமான ஒரு விண்ணப்பத் தாளைப் பூர்த்தி செய்து, எழுநூறு டாலருக்கு மேல் பணம் கட்டி, கைரேகை கொடுத்து, கூப்பிடும் நாளில் போய் நிற்க வேண்டும்.

முதலில் விண்ணப்பத்தில் எழுதியதைப் பற்றி விசாரணை. எங்கே வேலை பார்த்தாய், எந்த நாட்டுக்குப் போனாய், போலீஸ் வழக்கு ஏதும் உண்டா என்று கேட்பார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்கச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். மூன்று வாய்ப்பில் ஒன்று சரியாக இருந்தால் போதும்.

அதன் பிறகுதான் நாட்டு நடப்புக் கேள்விகள். 2008 முதல் நடந்து வந்த முறையில் மொத்தம் 100 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. அதில் இருந்து 10 கேட்பார்கள். 6 சரியாகச் சொன்னால் பாஸ்.

2025 அக்டோபர் 20-ந் தேதியும் அதற்குப் பிறகும் விண்ணப்பம் போட்டவர்களுக்கு இது இன்னும் கடினமாக்கப்பட்டது. பட்டியல் 128 கேள்விகளாக நீண்டது. கேட்பது 20. சரியாகச் சொல்ல வேண்டியது 12. பெயில் ஆனால் இன்னொரு முறை வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடியும் பணம் கட்டி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதில் மனிதாபிமானமான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. 65 வயது நிறைந்து, நிரந்தர அனுமதியோடு 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட சின்னப் பட்டியல் போதும். ஆங்கிலப் பரீட்சை கிடையாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சொந்த மொழியிலேயே பதில் சொல்லலாம். மகனோடு போய்த் தங்கிவிட்ட நம் ஊர்ப் பாட்டி ஒருவர், ஜார்ஜ் வாஷிங்டன் யார் என்பதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு அமெரிக்கப் பிரஜை ஆகிவிடலாம்!

கேள்விகளும் விடைகளும் ரகசியம் அல்ல. சர்க்காரே அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிறது. அமெரிக்கா போனவர்கள் அதை விடாமல் படிக்கிறார்கள். வேலைக்குப் போகும் பஸ்சில் படிக்கிறார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவி முடித்த பிறகு படிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் மகள் கேள்வி கேட்க, அப்பா பதில் சொல்லிப் பழகுகிறார். பரீட்சைக்குப் போகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தேறிவிடுகிறார்கள்.

மானம் போன கணக்கு

இனி அந்த நாட்டிலேயே பிறந்தவர்களின் கதைக்கு வருவோம்.

2011-ம் ஆண்டு 'நியூஸ்வீக்' என்ற அமெரிக்க வாரப் பத்திரிகை, 1,000 அமெரிக்கர்களிடம் இந்தப் பரீட்சையை நடத்தியது. 38 சதவீதம் பேர் பெயில். அப்போதைய துணை ஜனாதிபதியின் பெயரைச் சொல்ல முடியாமல் 29 சதவீதம் பேர் விழித்தார்கள். சுதந்திர தினம் எது என்று காலண்டரில் வட்டம் போடத் தெரியாதவர்கள் 6 சதவீதம்!

அடுத்த ஆண்டு சேவியர் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்விலும் அதே கதைதான். அமெரிக்காவில் பிறந்தவர்களில் மூன்றில் ஒருவர் தேறவில்லை.

2018-ல், அப்போது உட்ரோ வில்சன் பெயரால் நடந்து வந்த ஒரு கல்வி அறக்கட்டளை மறுபடியும் 1,000 பேரைச் சோதித்தது. 60 மார்க் எடுத்தால் பாஸ் என்று வைத்தார்கள். விடைகளையும் கொடுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படி இருந்தும் தேறியவர்கள் 36 சதவீதம்தான்.

அரசியல் சட்டம் எந்த ஆண்டு அங்கீகரிக்கப்பட்டது என்பது 13 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்து இருந்தது. சுப்ரீம் கோர்ட்டில் எத்தனை நீதிபதிகள் என்ற கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல் தவறினார்கள். (விடை: 9.) இரண்டாம் உலகப்போரில் தங்கள் நாடு எந்த நாடுகளோடு மோதியது என்பது 60 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை.

மின்சார விளக்கைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று 37 சதவீதம் பேர் அடித்துச் சொன்னார்கள். பாவம், எடிசன்!

இதில் கவனிக்க வேண்டியது வயது வித்தியாசம். 65 வயதைத் தாண்டியவர்களில் 74 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். 45 வயதுக்கு உட்பட்டவர்களில் தேறியவர்கள் வெறும் 19 சதவீதம்.

அதோடு அந்த அறக்கட்டளை விடவில்லை. 50 மாநிலங்களிலும் 41,000 பேரைக் கேட்டு, 2019-ல் முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறிய மாநிலம் ஒன்றே ஒன்று. அது வெர்மாண்ட். மற்ற 49 மாநிலங்களிலும் பெரும்பான்மையோர் பெயில்.

இரு பக்கமும் பார்க்க வேண்டும்

வந்தவர் கெட்டிக்காரர், பிறந்தவர் மக்கு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடலாமா? அது நியாயம் ஆகாது.

வந்தவர் மாதக்கணக்கில் படித்துவிட்டு உட்காருகிறார். பிறந்தவரையோ திடீர் என்று பிடித்துக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்றோ படித்தது. பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோனது.

நம் ஆபீஸ்களில் இலாகா பரீட்சை எழுதுகிற இளைஞர்களைப் பாருங்கள். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பக்கத்து நாற்காலியில் 30 வருஷம் சர்வீஸ் போட்ட பெரியவருக்கு விதி எண் ஞாபகம் இருக்காது. ஆனால் எந்தப் பைல் எங்கே இருக்கும், எந்தச் சீட்டை எந்த அதிகாரியிடம் எப்போது நீட்டினால் கையெழுத்து ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆபீஸ் நடப்பது இரண்டு பேராலும்தான்.

'உள்ளூர்க்காரனுக்குப் பேய்க்குப் பயம், அசலூர்க்காரனுக்கு ஆற்றுக்குப் பயம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். ஆற்றின் ஆழம் தெரியாததால் அசலூர்க்காரன் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பான். பார்த்துக் கால் வைக்கிறவனுக்கு ஆழம் நன்றாக மனதில் பதிந்துவிடும்.

ஆனால் ஒன்று. 30 வருஷ சர்வீஸ்காரர், புதிதாக வந்த இளைஞனைப் பார்த்து "உனக்கு என்னடா தெரியும்?" என்று ஏளனம் செய்தால், அப்போது விதிப் புத்தகத்தை எடுத்து அவரையும் நாலு கேள்வி கேட்கத்தான் தோன்றும். அமெரிக்காவில் நடந்ததும் அதுதான்.

2015 ஜனவரியில் அரிசோனா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவனும், குடியேறி வந்தவர்கள் எழுதும் அதே 100 கேள்விகளில் 60-க்குச் சரியான விடை தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. வந்தவருக்கு வைத்த பரீட்சை, பிறந்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் வந்துவிட்டது!

தோலைப் பார்த்த பரீட்சை

இன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் கேள்விக்கே இடம் கிடையாது. தோலின் நிறத்தைத்தான் பார்த்தார்கள்.

பஞ்சாபில் பிறந்த பகத்சிங் திந்த் என்பவர் அமெரிக்கா போய், முதல் உலகப்போரின்போது அந்த நாட்டு ராணுவத்திலேயே சேர்ந்தார். தலைப்பாகையோடு அமெரிக்கச் சிப்பாயாக நின்ற சீக்கியர் அவர். குடியுரிமை கேட்டபோது வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

அப்போது அமெரிக்கச் சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் பிரஜை ஆக முடியும். 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்று சொன்னால் யாரை நினைப்பானோ அவரே வெள்ளையர், இந்தியர் அதில் சேர மாட்டார் என்பது தீர்ப்பு. ஏற்கனவே குடியுரிமை பெற்று இருந்த பல இந்தியர்களிடம் இருந்து அது பிடுங்கப்பட்டது. போரில் சேவை செய்தவர்களுக்காக வந்த தனிச் சட்டத்தின் கீழ் 1936-ல்தான் திந்த் பிரஜை ஆனார்.

1946-ல் சட்டம் மாறியது. இந்தியர்களும் பிரஜை ஆகலாம் என்று கதவு திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம் என்று கணக்கும் வைத்தார்கள்.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் ஒருவர் தலீப் சிங் சவுந்த். 1920-ல் மாணவராகப் போனவர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் கலிபோர்னியாவில் விவசாயம் செய்துதான் பிழைத்தார். 29 ஆண்டுகள் காத்து இருந்து 1949-ல் பிரஜை ஆனார். ஏழே ஆண்டுகளில், 1956-ல், அமெரிக்கப் பார்லிமெண்டின் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்து எடுக்கப்பட்டார். அந்தச் சபையில் நுழைந்த முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

சொந்த நாட்டிலேயே பெயில் ஆக்கப்பட்டவர்கள்

இதைவிடக் கொடுமையான பரீட்சை ஒன்றும் அமெரிக்காவில் நடந்தது. அது வெளியில் இருந்து வந்தவர்களுக்கு அல்ல. அங்கேயே பிறந்த கறுப்பின மக்களுக்கு!

தென் மாநிலங்களில் ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் எழுத்தறிவுப் பரீட்சை என்று வைத்தார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைக் கொடுத்து, அதற்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா, தவறா என்று முடிவு செய்பவர் பதிவு அதிகாரி. அவர் வெள்ளையர்.

கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய கறுப்பின ஆசிரியர்கள்கூட பெயில் ஆக்கப்பட்டார்கள். அதிகம் படிக்காத வெள்ளையருக்கு எளிய பிரிவாகப் பார்த்துக் கொடுத்து பாஸ் போட்டார்கள். சில மாநிலங்களில் பாட்டன் ஓட்டுப் போட்டு இருந்தால் பேரனுக்குப் பரீட்சை வேண்டாம் என்று சலுகை வைத்தார்கள். அடிமையாக இருந்த பாட்டனுக்கு ஏது ஓட்டு? இந்தப் 'பாட்டன் சலுகை' செல்லாது என்று 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. ஆனாலும் பரீட்சைகள் வேறு உருவங்களில் தொடர்ந்தன.

மார்ட்டின் லூதர் கிங் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகே அந்த மாநிலங்களில் இந்தப் பரீட்சை நின்றது.

வேடிக்கை என்னவென்றால், இன்று பிரஜை ஆக வருபவரிடம் கேட்கும் கேள்விகளில் மார்ட்டின் லூதர் கிங் பற்றியதும் ஒன்று.

பரீட்சை நல்லதா, கெட்டதா என்பது கேள்வித்தாளில் மட்டும் இல்லை. தாளைக் கையில் வைத்து இருப்பவரின் மனதிலும் இருக்கிறது.

பிரதமரே திணறினார்

பரீட்சை வைக்கும் நாடு அமெரிக்கா மட்டும் அல்ல. பிரிட்டனில் 2005 முதல் இப்படி ஒரு பரீட்சை நடக்கிறது. 24 கேள்விகள். 45 நிமிடம். 18 சரியாக இருக்க வேண்டும். கட்டணம் 50 பவுன். இதற்கென்று சர்க்கார் வெளியிடும் புத்தகத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். பாட்னாவில் பிறந்த தீன் முகமது, 1810-ல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தவர். நம் ஊர்க் குழம்பு வாசனை லண்டன் தெருவில் வீசி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது!

டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் புரூக்ஸ் என்பவர் இந்தப் பரீட்சையைக் கடுமையாகக் குறை கூறினார். அவரே அமெரிக்காவில் இருந்து வந்து, இந்தப் பரீட்சையை எழுதித் தேறி, பிரிட்டிஷ் பிரஜை ஆனவர். லண்டனில் உள்ள ராட்சச ராட்டினம் எத்தனை அடி உயரம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆபத்துக்கு எந்த நம்பருக்குப் போன் செய்வது, டாக்டரிடம் எப்படிப் பெயர் பதிவது என்பவை 2013-ல் வந்த பதிப்பில் விடப்பட்டு இருந்தன. வாழ்வதற்கு வேண்டியதை விட்டுவிட்டு வினாடி வினா நடத்துகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

2012 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டார். நிகழ்ச்சி நடத்தியவர் பிரிட்டிஷ் சரித்திரத்தில் சில கேள்விகளை வீசினார். பிரிட்டனின் புகழ் பெற்ற தேசபக்திப் பாடல் ஒன்றுக்கு இசை அமைத்தவர் யார் என்று கேட்டார். கேமரூன் எட்வர்டு எல்கர் பெயரைச் சொன்னார். அது தப்பு. சரியான விடை தாமஸ் ஆர்ன். 'மாக்னா கார்ட்டா' என்ற பெயருக்கு நேர் அர்த்தம் என்ன என்ற கேள்விக்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 'பெரிய சாசனம்' என்பதே அதன் பொருள். நாட்டை ஆண்டவருக்கே இந்த நிலை!

ஜெர்மனியில் 2008 முதல் பரீட்சை உண்டு. 33 கேள்விகளில் 17 சரியாக இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் 2007-ல் பரீட்சையைத் தொடங்கியபோது கிரிக்கெட் வீரர் பிராட்மேன் பற்றியும் படிக்க வைத்தார்கள். பிரஜை ஆவதற்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். பின்னர் அதை மாற்றினார்கள். 2020 நவம்பர் முதல் அங்கே மொத்தம் 20 கேள்விகளில், நாட்டின் கொள்கைகள் பற்றிய 5 கேள்விகளுக்கு விடைகள் அத்தனையும் சரியாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் இப்படிக் கேள்வித்தாள் கிடையாது. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம்தான் அடிப்படை. வெளிநாட்டவர் ஒருவர் பிரஜை ஆக வேண்டுமானால், சாதாரணமாக 12 ஆண்டுகள் இங்கே வாழ்ந்து இருக்க வேண்டும். நல்ல நடத்தை உள்ளவராக இருக்க வேண்டும். அரசியல் சட்டத்துக்கு உண்மையாக நடப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும்.

மொழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தி தெரிந்து இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆங்கிலமும் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஏதாவது ஒன்றில் போதுமான ஞானம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழும் இருக்கிறது, மராத்தியும் இருக்கிறது. ஆக, ஒரு வெள்ளைக்காரர் தமிழ் மட்டும் கற்றுக்கொண்டு வந்தாலும், இந்தியப் பிரஜை ஆவதற்கு உரிய மொழித் தகுதி அவருக்கு உண்டு. டெல்லியில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி!

நீங்கள் தேறுவீர்களா?

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரித்தது போதும். இப்போது நம் முறை. கீழே 10 கேள்விகள் உள்ளன. அமெரிக்காவின் பழைய கணக்குப்படி 6 சரியாக இருந்தால் பாஸ். புத்தகம் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரையும் கேட்கக் கூடாது.

1. இந்திய அரசியல் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட தேதி எது?

2. 8-வது அட்டவணையில் எத்தனை மொழிகள் உள்ளன?

3. தேசியக் கொடியில் உள்ள சக்கரத்துக்கு எத்தனை ஆரங்கள்?

4. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் எத்தனை?

5. ஜனாதிபதி ஆவதற்குக் குறைந்தபட்ச வயது என்ன?

6. ராஜ்ய சபை உறுப்பினரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டுகள்?

7. ஓட்டுப் போடும் வயது 21-ல் இருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டபோது பிரதமர் யார்?

8. 'வாய்மையே வெல்லும்' என்ற தேசிய வாசகம் எந்த உபநிஷதத்தில் இருந்து எடுக்கப்பட்டது?

9. நாட்டின் முதல் பயணிகள் ரெயில் எந்த ஆண்டு, எங்கிருந்து எங்கே ஓடியது?

10. மராட்டியத்துக்கோ, தமிழ்நாட்டுக்கோ தனிக் குடியுரிமை உண்டா?

விடைகள்: 1) 1949 நவம்பர் 26. (அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26.) 2) 22. 3) 24. 4) 11. (1976-ல் 10 சேர்க்கப்பட்டன. 2002-ல் ஒன்று கூடியது.) 5) 35. 6) 6 ஆண்டுகள். 7) ராஜீவ்காந்தி. 8) முண்டக உபநிஷதம். 9) 1853-ல், மும்பை போரிபந்தரில் இருந்து தானேவுக்கு.

பத்தாவது விடை எங்கே என்கிறீர்களா? அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பத்தாவது கேள்வி

அமெரிக்காவில் நாட்டின் பிரஜை, மாநிலத்தின் பிரஜை என்று இரண்டு உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே ஒரே குடியுரிமைதான். அது இந்தியக் குடியுரிமை. மராட்டியப் பிரஜை, தமிழ்நாட்டுப் பிரஜை, கர்நாடகப் பிரஜை என்று யாரும் கிடையாது.

நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகலாம், எந்தப் பகுதியிலும் தங்கி வாழலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு ஒவ்வொரு பிரஜைக்கும் தரும் உரிமை. பொதுநலத்துக்காகச் சட்டம் விதிக்கும் நியாயமான கட்டுப்பாடுகள் மட்டும் அதற்கு உண்டு. பிறந்த ஊரைக் காரணம் காட்டி சர்க்கார் வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது 16-வது பிரிவு.

சில விஷயங்களுக்கு, உதாரணமாகக் கல்லூரி இடங்களுக்கு, இத்தனை ஆண்டு இந்த மாநிலத்தில் வசித்ததாகச் சான்று கேட்கிறார்கள். அது வசிப்பிடச் சான்று. அது இல்லாவிட்டால் ஒரு சலுகை கிடைக்காமல் போகலாம். ஆனால் அது குடியுரிமை அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழப்புகிறவர்களைக் கண்டு பயப்படவும் கூடாது.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளி, சயானில் இட்லிக் கூடை தூக்கும் வியாபாரி, கோட்டைப் பகுதி ஆபீசில் பேரேடு எழுதும் குமாஸ்தா, எல்லோருமே ஏதோ ஒரு நாள் "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியைச் சந்தித்து இருப்பார்கள். அன்போடு கேட்பவர்களும் உண்டு. வேறு மாதிரி கேட்பவர்களும் உண்டு.

நம்மவர்கள் அமெரிக்கா போனவர்களைப் போல அதிகாரி முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதவில்லை. ஆனால் வேறு ஒரு பரீட்சை எழுதி இருக்கிறார்கள். வந்த புதிதில் மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இன்று காய்கறிக்காரரிடம் மராத்தியிலேயே பேரம் பேசுகிறார்கள். எந்த லோக்கல் எங்கே நிற்கும், தாதரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், மழை பிடித்தால் எந்த ஸ்டேஷன் அருகே தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. கணபதி ஊர்வலத்தில் அக்கம்பக்கத்தாரோடு நடக்கிறார்கள். பிள்ளைகள் மராத்தியைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

கேட்டுப் பழகி, கண்ணால் பார்த்து, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது. யாரும் மார்க் போடவில்லை. சர்டிபிகேட்டும் தரவில்லை.

அதே நேரத்தில் இங்கே பிறந்தவரையும் நாம் குறைவாக நினைக்க வேண்டியது இல்லை. நம் சொந்த ஊரைப் பற்றி நம்மிடம் பத்துக் கேள்வி கேட்டால் நாமும் நாலில் தடுமாறுவோம். நம் தாலுகா எப்போது உண்டானது, நம் ஏரியை வெட்டியவர் யார் என்று யாருக்குத் தெரியும்? பிறந்த இடத்தை யாரும் படிப்பது இல்லை. அதில் வாழ்கிறோம், அவ்வளவுதான். வந்த இடத்தைத்தான் படிக்க வேண்டி இருக்கிறது.

பிறந்தது யாருடைய கெட்டிக்காரத்தனமும் அல்ல. படித்தது மட்டுமே அவரவர் உழைப்பு. அமெரிக்காவில் பெயில் ஆனவர்கள் அத்தனை பேரும் அந்த நாட்டுப் பிரஜைகளாகவே இருக்கிறார்கள். அவர்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 27 என்று சரியாகச் சொன்ன மனிதரோ, வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த பிறகுதான் அவர்களோடு சமமாக நிற்கிறார்.

நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கன்னியாகுமரியில் பிறந்தவனும், கோலாப்பூரில் பிறந்தவனும் பிறந்த அன்றே ஒரே வகுப்பில் பாஸ்.

ஆகவே பத்தாவது கேள்விக்கு விடை: 'இல்லை'. மற்ற ஒன்பதும் மறந்துபோனாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், ஊர்ப் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லலாம். அது தவறான விடை ஆகாது.